கழுத்து முள்ளந்தண்டு முறிந்த தம்பிக்குக் கை ஒப்பரேஷன்: செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

மஸ்கெலியா அக்கா எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பிக்காகக் கேட்கிறேன். வயது 24. தோட்டத்தில் நிழல் மரத்துக் கிளை வெட்ட ஏறினவன் விழுந்துவிட்டான். ஒரு வருஷம் ஆகப்போகிறது. கிளினிக் கொப்பியில் சி6 (கழுத்து முள்ளந்தண்டின் ஆறாவது மட்டம்) என்று எழுதியிருக்கிறார்கள். கால் இரண்டும் இல்லை என்றே ஆகிவிட்டது, அதை நாங்கள் மெதுவாக ஏற்றுக்கொண்டோம். கையைப் பற்றித்தான் இப்போது கேள்வி.

தோள் நன்றாக அசையும். முழங்கையை மடக்குவான், ஆனால் தன் பலத்தில் நிமிர்த்த முடியாது. மணிக்கட்டைப் பின்பக்கமாகத் தூக்குவான். விரல் ஒன்றும் அசையாது. தேத்தண்ணி குடிக்க இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் கோப்பையை இடுக்கிக்கொள்வான். கையில் சில இடங்களில் சூடு தெரியாது, அதனால் அம்மா நன்றாக ஆற்றித்தான் கொடுப்பார். ஆறின தேத்தண்ணியை அவனுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

போன கிளினிக்கில் புதிதாக ஒரு டொக்டர் இருந்தார். கையைப் பிடித்து அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இவருக்குத் தசைநாரை இடம் மாற்றி வைத்தால் பெருவிரலால் பிடிக்க வரலாம்" என்றார். டெண்டன் ட்ரான்ஸ்ஃபர் என்று பெயரும் சொன்னார். பின்னால் பெரிய வரிசை, அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

வீட்டில் அதிலிருந்து இதே பேச்சு. அம்மா, "இருக்கிற கொஞ்சத்தையும் வெட்டி அதுவும் போய்விட்டால் என்ன செய்வது" என்று அழுகிறார். தம்பி ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "மூத்திரக் குழாயை நானே போட வந்தால் போதும்." இப்போது நான்தான் போட்டுவிடுகிறேன். அந்த நேரத்தில் அவன் என் முகத்தைப் பார்க்கமாட்டான்.

இந்த ஒப்பரேஷன் உண்மையில் பலன் தருமா? நல்ல தசையை எடுத்தால் அந்த இடம் பழுதாகாதா? இப்பவே பிந்திவிட்டதா? செய்துகொண்டவர்கள், செய்யாமல் விட்டவர்கள், யாராக இருந்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கண்டி ஓ.டி. மிஸ் எழுதியது:

அக்கா, நான் ஓ.டி., அதாவது கை வேலைகளைப் பழக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர். பிந்தவில்லை. மற்றதைச் சொல்வதற்கு முன் சில விஷயம் தெரிய வேண்டும். தம்பி மணிக்கட்டைத் தூக்கும்போது மேலே உங்கள் கையை வைத்து அழுத்தினாலும் அவரால் தூக்கிப்பிடிக்க முடிகிறதா? தூக்கும்போது பெருவிரல் தானாக ஆட்காட்டி விரலின் பக்கத்துக்கு வந்து சேர்கிறதா? நீங்கள் பிடித்து நிமிர்த்தினால் முழங்கை கடைசிவரை நிமிர்கிறதா, இடையில் முட்டுகிறதா? பெருவிரல் நுனியைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் தெரிகிறதா? உடம்பில் படுக்கைப்புண் இருக்கிறதா?

அப்புறம் ஒன்று. விரல்களை யாராவது பிடித்து நிமிர்த்திவிடுகிறார்களா?

மஸ்கெலியா அக்கா எழுதியது:

மிஸ், நன்றி. வலது கையில் நான் அழுத்தினாலும் தூக்கிவிடுகிறான், நல்ல பலம். இடது கொஞ்சம் சோர்வு. பெருவிரல் பக்கத்துக்கு வருகிறது, ஆனால் கடுதாசித் துண்டு வைத்தால் நழுவிவிடும். முழங்கை நிமிர்கிறது. பெருவிரலில் தொடுவது தெரியும், சுண்டுவிரல் பக்கம் தெரியாது. இடுப்பில் ஒரு புண் வந்தது, ஆறிவிட்டது.

விரலைக் கேட்டீர்கள். லயத்தில் ஒரு தாத்தா இருக்கிறார், சுளுக்கு எடுப்பவர். பாசத்தில் தினமும் பின்னேரம் வந்து எண்ணெய் போட்டு ஒவ்வொரு விரலாக நன்றாகப் பின்னுக்கு இழுத்து நிமிர்த்துகிறார். அது கூடாதா?

கொட்டகலை அண்ணன் எழுதியது:

தங்கச்சி, நானும் சி6தான். மரக்கறி லொறியில் போகும்போது ஏற்பட்ட விபத்து. வலது கையில் இந்த ஒப்பரேஷன் இரண்டு கட்டமாகச் செய்து பல வருஷம் ஆகிறது. தமிழ்நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் செய்தேன், சொந்தக்காரர்கள் அங்கே இருந்ததால். இதைப் போனில் பெருவிரல் நுனியால் அடித்துக்கொண்டிருக்கிறேன். நேரம் எடுக்கும், ஆனாலும் முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் அம்மாவின் பயம். அது நியாயமான பயம், என் அம்மாவும் அதையேதான் கேட்டார். இந்த ஒப்பரேஷனில் எடுப்பது, அந்த வேலையைச் செய்ய இன்னொரு தசை மிச்சம் இருக்கிற இடத்திலிருந்துதான். முழங்கையை மடக்க நமக்கு மூன்று தசை உண்டு. அதில் ஒன்று முன்கையின் பெருவிரல் பக்கமாக ஓடுவது. முழங்கையை மடக்கிப் பலமாக அழுத்தினால் கயிறு மாதிரி எழுந்து நிற்கும், தம்பியின் கையில் தடவிப் பாருங்கள். அதைக் கீழ் முனையில் விடுவித்துப் பெருவிரலை மடக்கும் நாரோடு தைத்துவிடுகிறார்கள். மடக்கும் வேலையை மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும். அதேபோல மணிக்கட்டைத் தூக்க முக்கியமாக இரண்டு தசை. இரண்டுமே பலமாக இருந்தால்தான் ஒன்றை எடுத்து நாலு விரலையும் மடக்கும் நார்களுக்குக் கொடுப்பார்கள். ஒன்றுதான் பலம் என்றால் தொடமாட்டார்கள், தொடவும் கூடாது. மணிக்கட்டுத் தூக்கல் போனால் நமக்கு எல்லாம் போச்சு.

புதுசாக ஏதோ சோதனை செய்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வேலூரில் போல் பிராண்ட் என்ற டொக்டர் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு 1940களின் கடைசியிலேயே தசைநார் மாற்றி வைக்கத் தொடங்கினார். அவரிடம் அந்த வேலையைப் பழகியவர் மேரி வர்கீஸ். 1954இல் ஒரு வாகன விபத்தில் அவருக்கே முள்ளந்தண்டு போய் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. அதற்குப் பிறகுதான் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே மற்றவர்களின் கைக்கு ஒப்பரேஷன் செய்தார், பிறகு அங்கே புனர்வாழ்வுப் பிரிவுக்கே தலைமை தாங்கினார். எனக்கு யாராவது அவரைப் பற்றிச் சொன்னால் இன்றைக்கும் மனசு நிமிரும். நம்மைப் போலக் கழுத்தில் அடிபட்டவர்களின் கைக்கு இதை ஒழுங்கான முறையாக்கியவர் சுவீடனில் இருந்த எரிக் மொபெர்க். 1975இல் அவர் எழுதிய கட்டுரையில் இரண்டு விஷயத்தைக் கேட்டார்: ஒரு கையிலாவது பிடி வேண்டும், முழங்கை நிமிர வேண்டும். டொக்டர்மார் இன்றைக்கும் அந்த இரண்டையும்தான் முதலில் பார்க்கிறார்கள்.

சரி, என் கதை. எல்லாரும் விரலைத்தான் கேட்பார்கள். எனக்கு முதலில் செய்தது முழங்கை. தோளின் பின்பக்கத் தசையை, காலிலிருந்து எடுத்த ஒரு நாரை இடையில் பாலமாக வைத்து, கையை நிமிர்த்தும் தசையோடு இணைத்தார்கள். "எனக்குப் பிடிதானே வேண்டும், முழங்கை எதற்கு" என்று நான் கேட்டேன். டொக்டர் என்னைப் படுக்கவைத்து, கையை நேராக மேலே தூக்கச் சொன்னார். தூக்கினேன். கை மடங்கி என் மூக்கிலேயே விழுந்தது. தம்பிக்கும் அப்படித்தான் விழும், கேட்டுப் பாருங்கள். இராத்திரிக் குளிரில் போர்வையை நெஞ்சுக்கு மேலே இழுக்கப் போனால் கை முகத்தில் விழும், திரும்பத் தூக்கினால் திரும்ப விழும், பிறகு யாரையாவது கூப்பிட வேண்டும். நானு ஓயாப் பக்கம் மார்கழிக் குளிரில் அத்தை வீட்டில் அப்படிக் கூப்பிடக் கூச்சப்பட்டு விடியும்வரை கிடந்திருக்கிறேன். முழங்கை நிமிராமல் எவ்வளவு நல்ல பிடி வந்தாலும், பிடித்ததை எட்டி வைக்க முடியாது. மேல் தட்டில் இருக்கிறதை எடுக்க முடியாது. நாற்காலியைத் தள்ளும்போது முன்னால் சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்ற பயம் போகாது.

அது லேசான காலம் இல்லை. கையை நேராகக் கட்டிவைத்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகும் ஒரேயடியாக மடக்க விடமாட்டார்கள், வாரத்துக்குப் பத்துப் பதினைந்து பாகை வீதம் கூட்டிக்கூட்டித்தான். அவசரப்பட்டு மடக்கினால் தைத்த நார் இழுபட்டு நீண்டுவிடும், பிறகு பலன் குறையும். அத்தனை நாளும் சாப்பாடு ஊட்ட வேண்டும், தூக்கி உட்காரவைக்க வேண்டும். ஒப்பரேஷனுக்கு முன்னால் நானே செய்துகொண்டிருந்த சின்ன வேலைகள்கூட அப்போது முடியாது. இதை யாரும் முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லாவிட்டால் மனம் உடைந்துவிடும், அதனால்தான் நான் சொல்கிறேன்.

பிடிக்கான ஒப்பரேஷன் பிறகு. பெருவிரலுக்கும் விரல்களுக்கும் சேர்த்துச் செய்தார்கள். கட்டு அவிழ்த்த அன்று ஃபிசியோ மிஸ், "பெருவிரலை மடக்காதீர்கள், முழங்கையை மடக்கப் பாருங்கள்" என்றார். முழங்கையை அவர் பிடித்துக்கொண்டார். நான் மடக்க முயன்றேன். பெருவிரல் தானாக இறங்கி ஆட்காட்டி விரலின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. என் பெருவிரல்தான், ஆனால் யாரோ நூல் கட்டி இழுக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நாளைக்கு முழங்கையை நினைத்துத்தான் பெருவிரலை அசைத்தேன். பிறகு எப்போது என்று தெரியாமலே அந்த நினைப்பு தேவையில்லாமல் போனது. இப்போது பிடி என்று நினைத்தால் பிடிக்கிறது.

எவ்வளவு பலம் என்று கேட்பீர்கள். உலகம் முழுவதும் வந்த முடிவுகளைச் சேர்த்து 2009இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பெருவிரல் பிடி சராசரியாக 2 கிலோ அளவு கூடியிருந்தது. முழங்கையை நிமிர்த்தும் பலம் 5க்கு 0 ஆக இருந்தது, சராசரியாக 3க்குச் சற்று மேலே வந்திருந்தது. சாதாரண ஆம்பிளையின் பிடியோடு ஒப்பிட்டால் 2 கிலோ கொஞ்சம்தான். ஆனால் சாவி திருப்ப, பேனா பிடிக்க, பல்துலக்க, வங்கி மெஷினிலிருந்து கார்டை உருவ இது போதும். தம்பி கேட்டாரே, அதற்கும் போதும். குழாய் வரும் உறையை ஒரு ஓரம் பல்லால் கடித்து, மறு ஓரம் பெருவிரலால் பிடித்துக் கிழிப்பேன். குழாயை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளி, பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடிப்பேன். ஆரம்பத்தில் வழுக்கும், ஒரு ஓ.டி. மிஸ் நன்றாகப் பழக்கிவிட்டார். முதல் தடவை கதவைச் சாத்திக்கொண்டு நானே போட்டு முடித்த அன்று, நான் யாரிடமும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன்.

எது வரவில்லை என்பதையும் சொல்கிறேன். விரல்கள் தனித்தனியாக அசையாது. சட்டை பட்டன் கொக்கி வைத்துத்தான். சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் வைக்கிற அந்தக் கை வராது. கரண்டியால் சாப்பிடுகிறேன். ரொட்டி மட்டும் கையால்தான், துண்டைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துச் சம்பலில் தொட்டுக் கடிப்பேன். தொடு உணர்வும் திரும்பாது, அதற்கு இந்த ஒப்பரேஷன் இல்லை. அடுப்படியில் குளிர் காயும்போது சுண்டுவிரல் பக்கம் சுட்டுக்கொண்டாலும் எனக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். சுடுதண்ணிப் பை விஷயத்திலும் கவனம்.

ஒரு கருத்து, இது என்னுடையது. டொக்டரிடம் போய் "கையைச் சரியாக்குங்கள்" என்று கேட்காதீர்கள். தம்பி தன் வாயால், தான் செய்ய நினைக்கிற காரியங்களைச் சொல்லட்டும். குழாய் போடுவது முதல் என்றால் அதற்கு ஏற்ற மாதிரி அவர்கள் திட்டம் போடுவார்கள். கம்ப்யூட்டர் வேலை என்றால் வேறு, நாற்காலி தள்ளுவது என்றால் வேறு. அமெரிக்காவில் முள்ளந்தண்டு பாதிப்பு உள்ள 681 பேரிடம் எது திரும்பி வந்தால் வாழ்க்கை மாறும் என்று கேட்டு 2004இல் வெளியிட்டார்கள். கழுத்தில் அடிபட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கால் வேண்டும் என்று சொல்லவில்லை, கை வேண்டும் என்றுதான் சொன்னார்கள். நம்மைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் "எப்போது நடப்பாய்" என்றுதான் கேட்கிறார்கள். கையைப் பற்றிக் கேட்ட அந்த டொக்டரை விடாதீர்கள்.

தலவாக்கலை அக்கா எழுதியது:

கொட்டகலை அண்ணன் சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கும் இதே ஒப்பரேஷன் செய்யலாம் என்றார்கள். நாங்கள் இப்போதைக்கு வேண்டாம் என்று சொன்னோம்.

காரணம் பயம் இல்லை. அவர் இப்போது மணிக்கட்டை வைத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வாசல்வரை வருவார், கட்டிலிலிருந்து பலகையில் சறுக்கி நாற்காலிக்கு வருவார். ஒப்பரேஷன் செய்தால் மாதக்கணக்கில் அது இரண்டும் கூடாது. நான் விடிய மலைக்குப் போனால் கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு இடையில் வர முடியாது, அரை நாள் பெயராகிவிடும், அரை நாள் சம்பளம்தான். பிள்ளைகள் சின்னது. மாமியாருக்கு முதுகு வலி. அந்த மாதங்களில் அவரைத் தூக்க ஆளில்லை. இன்னொன்று, கட்டு அவிழ்த்த பிறகு பயிற்சிக்கு அடிக்கடி போக வேண்டும் என்றார்கள். இங்கேயிருந்து கண்டிக்குப் போய்வர வான் பிடிக்கும் காசை யார் தருவது? ஒப்பரேஷன் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தான். போக்குவரத்து இலவசம் இல்லையே.

மூத்தவள் ஓ.எல். பரீட்சை எழுதி முடிந்ததும் செய்வோம் என்று அவரே முடிவு சொன்னார். அதற்குள் முழங்கை இறுகிவிடக் கூடாது என்று பார்த்துக்கொள்கிறோம். தங்கச்சி, நீங்கள் வேலைக்குப் போகிறவரா? முதலில் அதைக் கணக்குப் பாருங்கள். ஆள் இருந்தால் செய்யுங்கள், நான் தடுக்கவில்லை.

கொட்டகலை அண்ணன் எழுதியது:

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு சரி. எனக்கு அந்த மாதங்களில் அண்ணன் வேலையை விட்டுக் கூடவே இருந்தான். அவன் இல்லையென்றால் நானும் செய்திருக்கமாட்டேன். தசைநார் ஒப்பரேஷனுக்கு இத்தனை வருஷத்துக்குள் என்ற கெடு இல்லை, உங்கள் வீட்டுக்காரருக்கு வசதிப்படும் நேரத்தில் செய்யலாம்.

கண்டி ஓ.டி. மிஸ் எழுதியது:

அக்கா, உங்கள் பதிலைப் பார்த்தேன். முதலில் தாத்தா. அவர் மேல் கோபப்படாதீர்கள், நல்ல மனசோடுதான் செய்கிறார். ஆனால் நாளையிலிருந்து விரல் இழுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஏன் என்றால், தம்பி மணிக்கட்டைத் தூக்கும்போது விரல்கள் தானாக மடங்குவது விரல் நார்கள் கொஞ்சம் இறுகி இருப்பதால்தான். மணிக்கட்டைக் கீழே விட்டால் விரல் திறக்கும், தூக்கினால் மூடும். இப்போது அவரிடம் இருக்கிற பிடி அதுதான். மணிக்கட்டும் விரலும் இரண்டையும் ஒன்றாகப் பின்னுக்கு நிமிர்த்தினால் அந்த நார்கள் தளர்ந்து, கடுதாசித் துண்டு நழுவுகிற மாதிரி எல்லாம் நழுவும். மூட்டு இறுகாமல் இருக்க அசைக்கத்தான் வேண்டும், அதற்கு ஒரு முறை இருக்கிறது: மணிக்கட்டைக் கீழே தொங்கவிட்டு விரல்களை நிமிர்த்துங்கள். மணிக்கட்டைத் தூக்கி வைத்து விரல்களை மடக்குங்கள். தாத்தாவுக்கும் இதைக் காட்டிக்கொடுங்கள், அவர் கை பழகின கை, நன்றாகச் செய்வார். கட்டிலில் கையை ஊன்றும்போதும் உள்ளங்கையை விரித்து ஊன்றக் கூடாது, விரல்களை மடக்கிவைத்து ஊன்ற வேண்டும். முழங்கையைத் தினமும் கடைசிவரை நிமிர்த்திவிடுங்கள். மடங்கியே இருந்து இறுகிவிட்டால் ஒப்பரேஷனுக்கு முன் அதைச் சரியாக்கவே பல மாதம் போகும்.

தம்பியின் கைக்கு ஒரு குழு எண் போடுவார்கள். முழங்கைக்குக் கீழே பலமுள்ள தசைகள் எத்தனை என்று பார்த்து 0 முதல் 9 வரை போடும் முறை, 1984இல் பிரான்சில் கூடிய மாநாட்டில் உறுதியானது. தசைப் பலத்தை நாங்கள் 0 முதல் 5 வரை அளப்போம். 4 இருந்தால்தான் அந்தத் தசையைக் கணக்கில் எடுப்பார்கள், ஏனென்றால் இடம் மாற்றும்போது பலம் ஒரு படி இறங்கும். பெருவிரலில் தொடு உணர்வு இருக்கிறது என்றீர்களே, அது பெரிய விஷயம். உணர்வில்லாத கை கண்ணால் பார்க்கும்போது மட்டும்தான் வேலை செய்யும். வலது கை நல்ல நிலையில் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது, ஆனால் கையைத் தொட்டுப் பார்க்காமல் எண் சொல்ல முடியாது.

இப்போது அவசரமான ஒரு விஷயம். தசைநார் மாற்றத்துக்குக் கெடு இல்லை என்று அண்ணன் சொன்னது சரி. நரம்பையே இடம் மாற்றும் இன்னொரு முறை இருக்கிறது, அதற்குக் காலம் முக்கியம். முழங்கையை மடக்கும் ஒரு தசைக்குப் போகும் நரம்புக் கிளையை எடுத்து, பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் மடக்கும் நரம்போடு இணைப்பார்கள். உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும் தசையின் நரம்பை, விரல்களைத் திறக்கும் நரம்போடு இணைப்பார்கள். நரம்பு மெதுவாக வளர்ந்து போய்ச் சேர மாதக்கணக்கு ஆகும், பலன் முழுதாகத் தெரிய இரண்டு வருஷம்கூட ஆகும். அதற்குள் தசை வாடிவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் ஒஸ்டின் வைத்தியசாலையில் நடாஷா வான் சில் தலைமையில் 16 இளம் ஆட்களுக்குச் செய்து, முடிவை 2019இல் வெளியிட்டார்கள். எல்லாரும் அடிபட்டு 18 மாதத்துக்குள் ஒப்பரேஷன் செய்தவர்கள். 59 நரம்பு மாற்றங்கள், அதில் 4 பலன் தரவில்லை. 10 பேருக்கு நரம்பு, தசைநார் இரண்டையும் சேர்த்தே செய்தார்கள். நரம்பு மாற்றினால் விரல் திறப்பது மென்மையாக இருக்கும், தசைநார் மாற்றினால் பிடி பலமாக இருக்கும், அதனால்தான் இரண்டையும் கலந்து செய்தார்கள்.

தம்பிக்கு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நரம்பு வழி அவருக்குப் பொருந்துமா என்பதை ஈ.எம்.ஜி. (நரம்பும் தசையும் வேலை செய்வதை மின்சாரத்தால் அளக்கும்) பரிசோதனை வைத்து ஒரு டொக்டர்தான் சொல்ல வேண்டும், அதைக் கேட்பதற்கு அடுத்த தவணைவரை காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் புனர்வாழ்வு வைத்தியரிடம் அனுப்பக் கடிதம் கேளுங்கள். உங்கள் பக்கத்துக்குத் திகண புனர்வாழ்வு வைத்தியசாலை கிட்ட, ராகமவிலும் இருக்கிறது. அங்கே பார்த்துவிட்டு, கை ஒப்பரேஷன் பழகின சத்திரசிகிச்சை நிபுணரிடம் அவர்கள் அனுப்புவார்கள்.

மஸ்கெலியா அக்கா எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. கொட்டகலை அண்ணன் எழுதினதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். மூக்கில் கை விழுகிற இடம் வந்ததும் "அண்ணனுக்கும் அப்படியா" என்று கேட்டான். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.

தலவாக்கலை அக்கா, நான் ஹட்டனில் ஒரு கடையில் வேலை. லீவு சம்பளம் இல்லாமல்தான் கிடைக்கும். ஆனால் அப்பா இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார், அவரால் தூக்க முடியும். தாத்தாவிடம் பேசினேன். முதலில் முகம் சுருங்கிவிட்டது, பிறகு மிஸ் சொன்ன முறையைக் காட்டச் சொல்லிப் பழகிக்கொண்டார்.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டு கையையும் ஒன்றாகச் செய்வார்களா? எந்தக் கை முதலில்? ஒப்பரேஷனுக்குப் போகும்போது வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

கொட்டகலை அண்ணன் எழுதியது:

பெரும்பாலும் ஒரு கைதான் முதலில், தங்கச்சி. மற்றக் கை சும்மா இருந்தால்தான் அந்தக் காலத்தில் மூக்கையாவது சொறியலாம், போனையாவது தட்டலாம். எனக்குப் பலமும் உணர்வும் கூட இருந்த கையைத்தான் முதலில் எடுத்தார்கள். நீங்கள் சொன்னதைப் பார்த்தால் தம்பிக்கும் வலதாகத்தான் இருக்கும், ஆனால் அதை அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். இடது கைக்கு நானே இன்னும் செய்யவில்லை, ஒரு கையே என் வேலைக்குப் போதுமாக இருக்கிறது.

கவனிக்க வேண்டியது: புண் ஒன்றும் இருக்கக் கூடாது, இடுப்பில் ஆறின இடத்தைத் தினமும் பாருங்கள். மூத்திரத்தில் கிருமி இருந்தால் திகதி தள்ளிப்போகும், அதனால் முன்கூட்டியே சோதித்துவிடுங்கள். அப்புறம், மயக்கம் கொடுக்கிற டொக்டரிடம் தம்பிக்குத் திடீரென்று பிரஷர் ஏறுகிற பிரச்சினை உண்டா இல்லையா என்று நீங்களே வாய்திறந்து சொல்லுங்கள். நம்மைப் போலக் கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மூத்திரப்பை நிறைந்தாலோ, குழாய் மடங்கிக்கிடந்தாலோ பிரஷர் சட்டென்று ஏறும். தலை பிளக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். வார்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படி வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் குழாயைப் பார்க்க வேண்டும். ஒப்பரேஷன் முடிந்து கை கட்டில் இருக்கும்போது தம்பியால் தானாக எதையும் சரிசெய்ய முடியாது, அதனால் கூட நிற்கிறவர் இதைத் தெரிந்தவராக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இப்பவே சொல்லிக்கொடுங்கள்.

கடிதம் கிடைத்துத் திகண போகிற நாள் தெரிந்ததும் இங்கே போடுங்கள். எனக்கும் அங்கே கிளினிக் இருக்கிறது, அதே நாளில் வரப் பார்க்கிறேன். தம்பி என் கையைப் பிடித்துப் பார்க்கட்டும்.